வன்கூடு என்னும் சொல்லும் புற்றுநோய்க் கலமும்

விஞ்ஞானக் கலைச்சொற்கள் நடுநிலையானவை என்ற எண்ணம் எம்மிடையே பரவலாக உண்டு. கவிதையொன்றிலே ஒரு சொல் சுமந்து வரும் உருவகத்தை நுணுகி ஆராயும் நாம், உயிரியற் கட்டுரையைப் படிக்கும்போது அவ்விழிப்பைப் பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறோம். கலத்தின் குழியவுருவினுள் வலைப்பின்னலாகப் பரந்துள்ள புரத இழைத் தொகுதிக்கு எமது பாடநூல்கள் வழங்கும் பெயர் ‘குழியவன்கூடு’ என்பதாகும். வன்மை, கூடு ஆகிய இரண்டும் அசைவற்ற ஒரு தாங்கியையே மனக்கண்முன் நிறுத்துகின்றன. புற்றுநோயோடு தொடர்புடைய சமிக்ஞை நொதியங்கள் பற்றிய ஆய்வு வரலாறோ, இப்படிமத்தைப் படிப்படியாகக் குலைத்து வந்துள்ளது. அவ்வரலாற்றின் ஒரு கிளையை, ‘சார்க்’ எனப்படும் நொதியத்தை மையமாகக் கொண்டு இங்கு நோக்குவோம். (சார்க்கோமா என்ற கட்டிவகையின் பெயரிலிருந்து பிறந்த இப்பெயருக்கும், 1985இல் உருவான பிராந்திய அமைப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.)

1911இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிலையத்தில் பணியாற்றிய பெய்ற்றன் ரூஸ், கோழியொன்றின் கட்டியை அரைத்து, கலங்களும் பற்றீரியாக்களும் ஊடுருவ முடியாத வடியினூடாக வடித்தெடுத்த திரவமே வேறு கோழிகளிற் கட்டியை உண்டாக்கவல்லது எனக் காட்டினார். அதன் முக்கியத்துவத்தை ஏற்று நோபெல் பரிசு வழங்கப்பட்டது 1966இலேதான். கட்டியை விளைவித்த அவ்வைரசின் சார்க் பரம்பரையலகு, நோயற்ற பறவைகளின் கலங்களிலும் உறவு வடிவிற் காணப்படுவதை 1976இல் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கல் பிசப், ஹரல்ட் வார்மஸ் ஆகியோரின் குழுவினர் நிறுவினர். கலத்துக்குரியதையே வைரசு கவர்ந்து சென்றிருந்தது. நோயை வெளியிலிருந்து வந்த பகைவனாக மட்டும் கருதும் பார்வை இதனால் ஆட்டங்கண்டது. மருத்துவத்துக்கு வருமுன் வார்மஸ் ஆங்கில இலக்கியத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றவர் என்பது எம்போன்றோருக்குச் சிறு மகிழ்ச்சி தரும் செய்தி. 1989இல் இவ்விருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தபோது, பரிசோதனைகளைச் செய்த தாம் விடுபட்டமை குறித்துப் பிரெஞ்சு ஆய்வாளர் டொமினிக் ஸ்ரெஹலின் பகிரங்கமாக ஆட்சேபித்தமையும் மனங்கொள்ளத்தக்கது. உழைப்பின் பலன் எவர் பெயரிற் பதியப்படுகிறது என்ற வினா ஆய்வுகூடத்துக்கும் பொருந்துவதே.

சார்க் புரதம் ஒரு கைனேசு என்பது 1978இல் வெளிப்பட்டது. அடினோசின் முப்பொசுபேற்றிலிருந்து ஒரு பொசுபேற்றுக் கூட்டத்தை எடுத்துப் பிறிதொரு புரதத்தின் மீது பொருத்துவதே கைனேசு நொதியங்களின் தொழில். எதிரேற்றம் கொண்ட அக்கூட்டம் ஏறியதும் புரதத்தின் வடிவும், அது எவற்றோடு பிணையும் என்பதும் மாறக்கூடும். செரீன், திரெயோனின் ஆகிய அமினோவமிலங்கள் மீதே பொசுபேற்று ஏறுவதாக அதுவரை அறியப்பட்டிருந்தது. 1979இல் கலிபோர்ணியாவின் சோல்க் நிலையத்தில் வேறொரு வைரசுப் புரதத்தை ஆராய்ந்த ரொனி ஹன்ரர், புதிதாகத் தயாரிக்கச் சோம்பிப் பழைய தாங்கற்கரைசலையே மீண்டும் பயன்படுத்தினார். அதன் அமிலத்தன்மை சற்றே மாறியிருந்தமையால், வழமையாகத் திரெயோனினோடு கலந்து மறைந்துவிடும் ஒரு புள்ளி தனித்துப் பிரிந்தது. அது பொசுபேற்றேறிய தைரோசின். சார்க் நொதியமும் தைரோசினையே தாக்குகிறது என்பது 1980இல் உறுதியாயிற்று. இயல்பான கலத்திலே பொசுபேற்றேறிய அமினோவமிலங்களுள் தைரோசினின் பங்கு ஏறத்தாழ 0.03 சதவீதமே, ரூஸ் வைரசு தொற்றிய கலத்தில் அது பன்மடங்காகிறது.

இனி வன்கூட்டுக்கு வருவோம். நுண்புன்குழாய்கள், இடைத்தர இழைகள், அக்ரின் இழைகள் என அது மூவகைப்படும். எமக்கு இங்கு முக்கியமானவை ஏறத்தாழ 7 நனோமீற்றர் தடிப்புள்ள அக்ரின் இழைகள். இவற்றின் ஒரு முனையில் அலகுகள் சேர்ந்தவண்ணமும் மறுமுனையிற் கழன்றவண்ணமும் இருப்பதால், ஆட்கள் சேர்ந்தும் விலகியும் செல்ல நீளம் மாறாத ஊர்வலம் போன்று இழை நிலைபெறுகிறது. இழைக்கற்றைகள் கலமென்சவ்வைச் சந்திக்குமிடத்தில், தலின், வினுகுலின் முதலிய புரதங்கள் அவற்றை மென்சவ்வின் இன்ரெகிரின்களோடு பிணைக்கின்றன. இவையே கலம் தளத்தைப் பற்றிநிற்கும் ஒட்டிடங்கள். சார்க் மிகைப்பட்ட கலத்திலோ கற்றைகள் கலைகின்றன; கலம் உருண்டு, பிடி தளர்கிறது.

1980இல் லரி ரோர்ஷ்னைடர் சார்க் நொதியத்தை இவ்வொட்டிடங்களிலேயே கண்டார். அடுத்த ஆண்டு, உருமாறிய கலங்களில் வினுகுலினின் தைரோசின் மீது பொசுபேற்று ஏறியிருப்பதை ஹன்ரர், செவ்ரன் முதலியோர் காட்டினர். கதை முற்றுப்பெற்றது போலத் தோன்றிற்று: நொதியம் நங்கூரத்தைத் தாக்குகிறது, நங்கூரம் அறுகிறது. ஆனால் இவ்வாறு மாற்றமுற்றவை வினுகுலின் மூலக்கூறுகளுள் நூற்றுக்கு ஒன்றளவே. பின்வந்த ஆய்வுகளும் அம்மாற்றத்துக்கும் கலத்தின் உருமாற்றத்துக்கும் நேர்ப்பொருத்தம் காணவில்லை. ஒரு காரணம், ஒரு விளைவு என்ற பொறிமுறைவாத எதிர்பார்ப்பே இங்கு தோற்றது என்பது எமது கணிப்பு.

1992இல் ஒட்டிடக் கைனேசு இனங்காணப்பட்டதும் சித்திரம் விரிந்தது. இன்ரெகிரின் தளத்தைப் பற்றும்போது அக்கைனேசு தன்மீதே 397ஆம் தைரோசினிற் பொசுபேற்றை ஏற்றுகிறது. அவ்விடத்தில் சார்க் வந்து பிணைகிறது. இயல்பான சார்க் தன் வாலிலுள்ள, பொசுபேற்றேறிய ஒரு தைரோசினால் மடக்கிக் கட்டப்பட்டிருப்பது; வைரசின் சார்க்கில் அவ்வாற்பகுதி இல்லாமையால் கட்டும் இல்லை. செயற்படும் சார்க், கற்றைகளைப் பேணும் ‘றோ’ என்ற ஆளியை p190 எனும் புரதத்தின் வாயிலாகத் தணிக்கிறது. காஸ், பக்சிலின் ஆகியவற்றினூடாகக் கலவிளிம்பின் முன்னோக்கிய நீட்சியைத் தூண்டுகிறது. கோர்ட்டக்ரின் வாயிலாக, அயலிழையத்தைத் துளைக்கும் அக்ரின் முனைப்புகளை உருவாக்கத் துணைபோகிறது. ஆகவே நிகழ்வது வெறும் தகர்ப்பன்று. பழைய ஒழுங்கு குலைந்து, இடம்பெயர்தலுக்கேற்ற பிறிதோர் ஒழுங்கு எழுகிறது. கட்டியை விடக் கட்டியின் பரவலே பெரும்பாலும் உயிர்கொல்வது என்பதை எண்ணின் இதன் கனதி புலப்படும்.

தாக்கம் ஒருவழிப்பட்டதுமன்று. காஸ் புரதத்தை இழுத்து நீட்டினால், அதுவரை மறைந்திருந்த தைரோசின்கள் வெளிப்பட்டு சார்க்கின் தாக்கத்துக்கு உள்ளாகின்றன என்பது 2006இற் காட்டப்பட்டது. இழைகளின் இழுவிசையே நொதியத்துக்கு இலக்கைத் திறந்துகொடுக்கிறது. இவ்விடத்தில், 1925இல் வெளியான ஏங்கெல்சின் ‘இயற்கையின் இயங்கியல்’ நூலை எடுத்துக்காட்டி, இயங்கியல் மீண்டும் மெய்ப்பிக்கப்பட்டது என்று முழங்க எம்மவருட் சிலருக்கு ஆவல் எழலாம். நாம் அதற்கு உடன்படோம். 1948இல் லைசென்கோவின் கொள்கைக்குச் சோவியத் அரசின் அங்கீகாரம் கிடைத்து, பரம்பரையியலாளர் பதவிகளிலிருந்து அகற்றப்பட்டது தத்துவத்தைப் பரிசோதனைக்கு மேலாக அமர்த்தியதன் விளைவே. பரஸ்பரத் தாக்கம் என்ற சிந்தனை எமக்குக் கேள்விகளைத் தரலாம்; விடைகளைக் காஸ் புரதத்தை இழுத்துப் பார்த்தவரே தரமுடியும்.

மருந்துகளின் கதையும் இவ்வாறே நேர்கோடற்றது. சார்க்கின் உறவான ஏபிள் கைனேசு, நாட்பட்ட மயலோயிட் வெண்குருதிப் புற்றுநோயில், 9ஆம் 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறுவதால் பிசிஆர் என்ற புரதத்தோடு ஒட்டிக் கட்டுப்பாட்டை இழக்கிறது. இதுவும் அக்ரினோடு நேரடியாகப் பிணையவல்லது. அதனைத் தடுக்கும் இமற்றினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, அந்நோயின் போக்கையே மாற்றியது. அதன் ஒரு வடிவத்துக்குக் கோரப்பட்ட ஆக்கவுரிமையை 2013 ஏப்ரல் முதலாந் திகதி இந்திய உயர் நீதிமன்றம் நிராகரித்தமையால், பன்மடங்கு குறைந்த விலையில் அதைத் தயாரிக்கும் வழி அங்கு அடைபடாதிருந்தது. 2006இல் அனுமதி பெற்ற டசற்றினிப், ஏபிளோடு சார்க்கையும் தடுப்பது. ஆயினும் மார்பகம், புரொஸ்தேற்று முதலிய திண்மக் கட்டிகளில் அதனைத் தனியே கொடுத்துக் கண்ட பயன் சொற்பம். அங்கு சார்க் பல பாதைகளுள் ஒன்று மட்டுமே. அதனை அடைத்தபோதும் கலம் நகர்வதற்கு வேறு பிடிகளைக் கண்டுகொள்கிறது.