வெள்ளீயத் தாளும் எட்டுத் தடங்களும்

1878-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பிரம்மஞான சபையின் தலைவரான கர்னல் ஒல்காட் நியூயார்க்கை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறுவதற்குச் சில தினங்கள் முன்பு, அச்சபையின் அங்கத்தினருள் ஒருவரான எடிசன் அனுப்பிவைத்த போனோகிராப் யந்திரத்தின் முன் நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து நின்று, இந்திய சகோதரர்களுக்கென்று சொல்லிய வார்த்தைகளெல்லாம் வெள்ளீயத் தாளில் நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்தன. அந்தத் தாள்கள் கடல் கடந்து வந்து அடையாற்றில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் லண்டனில் அவற்றைச் சோதித்துப் பார்த்தபோது பள்ளங்கள் தட்டையாகிப் போயிருந்தபடியால், உள்ளிருந்த குரல்களை மீட்கும் மார்க்கமில்லாமற் போயிற்று.

அந்தக் கர்னலின் பெயரைத்தான், அடையாறு சமுத்திரத்தில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகரின் மாடி வீடுகளுக்கும் அலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊரூர் ஒல்காட் குப்பம் தாங்கி நிற்கிறது. பாடகர் டி.எம். கிருஷ்ணா முதலிய நண்பர்களும் குப்பத்து ஜனங்களும் சேர்ந்து 2015-இல் இங்கே தொடங்கிய விழாவில், கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே கடற்காற்றில் ஒலித்ததைச் சங்கீத ரசிகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வொலியைப் பிடித்து வைக்கவேண்டுமென்ற ஆசை எனக்கு வெகுநாள் இருந்து, சென்ற மார்கழியில்தான் கைகூடிற்று. கைகூடிற்று என்பதைவிட, எட்டு மைக்குகளை ஏககாலத்தில் ஏற்று, ஒவ்வொன்றையும் தனித்தனி ட்ராக்கில் எழுதும் டிஜிட்டல் ரெக்கார்டர் ஒன்றும், தடித்த கையேடு ஒன்றும் கைக்கு வந்து சேர்ந்தன என்பதே பொருந்தும்.

1979-இல் டியாக் கம்பெனி, சாதாரணக் கேசட்டிலேயே நான்கு ட்ராக் பதியும் போர்ட்டாஸ்டூடியோவை வெளியிட்ட காலந்தொட்டு, இவ்வகை யந்திரங்கள் மனத்தில் வைத்திருப்பது ஏகாந்தமான ஒரு மனிதனைத்தான். அவன் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் தாளம், அதன்மேல் கிதார், அதன்மேல் பாட்டு என்று மாடிமேல் மாடி கட்டுகிறான். என் கையேடும் நிசப்தமான அறையில் அமருமாறுதான் முதற்பக்கத்தில் ஆக்ஞாபித்தது. குப்பத்தில் அப்படி ஓர் அறைக்கு எங்கே போவது? கானா பாடுகிற பையனை டோலக் இல்லாமல் தனியே பாடச் சொன்னால், பாட்டு வராமல் சிரிப்புத்தான் வந்தது. ஆகவே எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து ஒரே மூச்சில் பதிவதென்றும், ஒருவர் மைக்கில் மற்றவர் கசிந்தால் கசியட்டுமென்றும் தீர்மானித்து, எட்டாவது மைக்கைக் கடலுக்கென்றே விட்டுவிட்டேன்.

புதிதாக வருபவரை இந்தச் சாதனம் முதலில் இடறிவிடுவது கெயின் என்ற திருகிலும் ஃபேடர் என்ற நகர்த்தியிலுந்தான். கெயின் என்பது கடலில் வலைக்குள் எவ்வளவு விழுகிறது என்பதைப் போன்றது; ஃபேடரோ பிடித்த மீனைக் கரையில் கூறு கட்டுகிற காரியம். ஒலி மிகுந்து சிவப்பு விளக்கு எரியும்போது ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் காதில் சத்தம் குறையுமேயன்றி, உடைந்து பதிந்த ஒலி உடைந்ததாகவே இருக்கும். பூஜ்யம் டெசிபலுக்குமேல் டிஜிட்டலில் இடமே கிடையாது. உச்சம் மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்பது க்ஷேமம். இவ்வளவையும் சிரத்தையாகப் படித்து லெவல் வைத்துவிட்டு நிமிர்ந்தால், பறைக்காரர் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சத் தொடங்கினார்! காய்ந்த தோலின் முதல் அடியிலேயே விளக்கு சிவந்தது. தோல் காய்ந்தபிறகே கெயினைத் தொடவேண்டும் என்று எந்தக் கையேட்டுக்காரன் எழுதப் போகிறான்?

மறுபடி லெவல் வைத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பதிந்தோம். எட்டு ட்ராக்குக்கும் சேர்த்து நான்கு ஜிகாபைட் அளவு. கடைசிப் பாட்டு முடிவதற்குள் யாரோ பஜ்ஜிக் கடை விளக்குக்காக என் யந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். பேட்டரி போட்டிருக்கவேண்டியது என் கடமை, போடவில்லை. பதிவை நிறுத்தும்போதுதான் கோப்பின் தலைப்பில் அதன் நீளம் முதலிய விவரங்களை யந்திரம் எழுதி முடிக்கிறது. அதற்குமுன் உயிர் போனால், ஒலி கார்டில் கிடந்தும் யந்திரத்துக்கு அது ஒலியென்று தெரியாது. இந்த எச்சரிக்கை கையேட்டின் கடைசிப் பக்கங்களில், என் அபிப்பிராயத்தில் முதற்பக்கத்தில் இருக்கவேண்டிய விஷயம், சிற்றெழுத்தில் அச்சாகியிருந்தது. “இன்னா சார், ஏறிச்சா?” என்று பையன் கேட்டபோது, எனக்குக் கர்னலின் வெள்ளீயத் தாள் ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் பேட்டரி போட்டு மீண்டும் பதிந்தோம். நிறுத்தும் பித்தானை அழுத்தி, கார்டு விளக்கு சிமிட்டி ஓயும்வரை யந்திரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றேன். பாடியவர்களெல்லாம் கேட்டு முடித்த பின், வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஹெட்போனை வாங்கி, கடலை மட்டும் போடச் சொன்னார். எட்டாவது ட்ராக்கை மாத்திரம் வைத்துவிட்டு மற்ற ஏழையும் அடைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“வாடைக் காத்து நேரா மைக்குல மோதுது தம்பி. நாளைக்கு அது மூஞ்சியத் தெக்கால திருப்பி வை.”