உங்களுக்குத் தெரியுமா? மருத்துவமனையாக மாறிய விமான நிலையம்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி தாக்கியதில் வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்து, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏறக்குறைய 80 சதவீதம் நீரில் மூழ்கியது. நகருக்கு மேற்கே கென்னரில் இருக்கும் லூயி ஆம்ஸ்ட்ராங் விமான நிலையத்தில் கூரைகள் சேதமடைந்தாலும் ஓடுபாதைகள் தப்பிவிட்டன. பல உயிர்களைக் காத்தது அதுதான்.

வீட்டுக் கூரைகளிலும் மருத்துவமனைகளிலும் சிக்கியவர்களை ஹெலிகாப்டர்கள் இங்கேதான் கொண்டுவந்து இறக்கின. பயணிகள் காத்திருக்கும் கூடத்தின் தரையெங்கும் நோயாளிகள். பெட்டிகளை ஏற்றும் வண்டிகளே அவர்களைச் சுமந்தன. ஆயிரக்கணக்கானோர் இங்கிருந்தே வேறு ஊர்களுக்குப் பறந்தார்கள். வசதியற்ற அந்தக் கூடத்தில் இரவுபகலாக உழைத்த மருத்துவர்களையும் செவிலியர்களையும் எவ்வளவு போற்றினாலும் தகும்.

பயணிகள் விமானம் மீண்டும் வந்தது செப்டம்பர் 13 அன்று: மெம்பிஸிலிருந்து நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் விமானம். ஓடுபாதை மட்டும் நன்றாக இருந்தால் சேவை தொடங்கிவிடாது. மின்சாரம், கட்டுப்பாட்டுக் கோபுரம், எரிபொருள், பயணிகளைச் சோதிக்கும் ஏற்பாடு என எல்லாம் தயாராக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலைக்கு ஆட்கள் வேண்டும். ஊரே வெளியேறியிருந்த நேரத்தில் அதுதான் பெரும்பாடு.