ரூ. 6,000 கோடி சந்தாவும் ராமானுஜன் பெயரிலான இலவச இதழும்

புது தில்லி: சர்வதேசப் பதிப்பாளர்களின் ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குப் பெற்றுத்தர 3 ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடியை மத்திய அரசு ஒதுக்கியுள்ளது. இந்நிலையில், இந்தியாவில் தொடங்கப்பட்ட ஒரு கணித ஆய்விதழ் வாசகரிடமும் கட்டுரையாளரிடமும் ஒரு ரூபாய்கூடப் பெறாமல் வெளிவருகிறது.

"ஹார்டி-ராமானுஜன் ஜர்னல்' என்ற அந்த இதழை 1978-ல் கணித அறிஞர்கள் கே. ராமச்சந்திராவும் ஆர். பாலசுப்பிரமணியனும் தொடங்கினர். கர்நாடகத்தின் மண்டியாவில் பிறந்த ராமச்சந்திரா, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர், 2011-ல் காலமானார். பாலசுப்பிரமணியன், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர். பகா எண்கள் உள்ளிட்ட எண் கோட்பாட்டு ஆய்வுகளுக்கான இந்த இதழை ராமானுஜனின் பிறந்த நாளான டிசம்பர் 22-ஐ ஒட்டி ஆண்டுதோறும் வெளியிடுவது மரபு.

அச்சில் தொடங்கிய இதழ், பின்னர் "எபிசயன்ஸஸ்' என்ற பிரான்ஸ் நாட்டு இணையத் தளத்துக்கு மாறியது. கட்டுரையாளர் தமது ஆய்வைப் பொது இணையக் களஞ்சியத்தில் சேர்ப்பார். அதை ஆசிரியர் குழு, துறை வல்லுநர்களிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பும். ஏற்கப்பட்ட கட்டுரையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தளத்துக்கான செலவைப் பிரான்ஸ் அரசின் ஆராய்ச்சி அமைப்புகள் ஏற்கின்றன. அதாவது, இந்திய இதழின் இருப்பிடத்துக்குப் பிரெஞ்சு மக்களின் வரிப் பணம் துணை நிற்கிறது.

இருமுறை செலவு: பெரும் பதிப்பாளர்களின் இதழ்களில் நிலைமை வேறு. ஆய்வாளரின் ஊதியத்தை அரசு தருகிறது. சக ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஊதியமின்றியே கட்டுரைகளை மதிப்பிடுகின்றனர். அச்சான கட்டுரையைப் படிக்க, அரசு நூலகம் மீண்டும் சந்தா செலுத்த வேண்டியுள்ளது.

இச்சுமைக்குத் தீர்வாகவே "ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ல் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான இத்திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள் அடங்கும். 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பயன்பெறுவர் என்று அரசு அறிவித்தது. தனித்தனியாகச் சந்தா கட்ட இயலாத சிறு நகர அரசுக் கல்லூரிகளுக்கு இது பெரும் வரவு என்பதில் ஐயமில்லை.

வெளியே நிற்பவர்கள்: ஆனால், நாட்டிலுள்ள அனைவருக்கும் ஆய்விதழ்கள் கிடைக்க வேண்டும் என்பதே 2020-ஆம் ஆண்டின் அறிவியல் கொள்கை வரைவில் இடம்பெற்ற நோக்கம். ஒப்புதல் பெற்ற திட்டமோ அரசு உயர்கல்வி நிறுவனங்கள், மத்திய அரசின் ஆராய்ச்சி மையங்கள் ஆகியவற்றோடு நின்றுவிட்டது. தனியார் கல்லூரி மாணவரும், எந்த நிறுவனத்தையும் சாராத ஆர்வலரும் இதில் இடம்பெறவில்லை. மேலும், சந்தா என்பது காலவரையறைக்கு உட்பட்டது; காலம் முடிந்ததும் மீண்டும் பேரம், மீண்டும் நிதி ஒதுக்கீடு. இத்தொகையில் ஒரு சிறு பங்கை உள்நாட்டுத் திறந்தநிலை இதழ்களுக்கு ஒதுக்கலாகாதா என்ற கேள்வி இங்குதான் எழுகிறது.

கல்லூரித் தேர்வில் தோல்வியுற்ற ராமானுஜன், 1913-ல் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தார். அத்தகைய எழுத்தர் ஒருவர் இன்று இருந்தால், ரூ. 6,000 கோடித் திட்டத்தில் அவருக்கு இடமில்லை. அவர் பெயர் தாங்கிய இதழைப் படிக்க எந்தத் தடையும் இல்லை.