கம்ப்யூட்டரே இல்லாத கம்ப்யூட்டர் திரை!

'2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' என்ற ஆங்கிலப் படம், 1968ல் வெளியானது. மனிதன் நிலவில் கால் வைத்ததற்கு ஓராண்டு முன்! அதில் வரும் விண்கலத்தில் எங்கு பார்த்தாலும் கம்ப்யூட்டர் திரைகள். வண்ண எழுத்துகள், எண்கள், வரைபடங்கள் என ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால், அந்தத் திரைகளுக்குப் பின்னால் கம்ப்யூட்டரே கிடையாது!

அந்தக் காலக் கம்ப்யூட்டர் ஓர் அறையையே அடைத்து நிற்கும். பெரும்பாலும், துளையிட்ட அட்டைகள் மூலம் தகவல் கொடுப்பர். விடை, காகிதத்தில் அச்சாகி வரும். 'டிவி பெட்டியை வைத்திருக்கலாமே?' என்கிறீர்களா? நல்ல கேள்வி. சினிமா கேமரா, நொடிக்கு 24 படங்கள் எடுக்கும். டிவியின் வேகம் வேறு. இரண்டும் ஒத்துப்போகாததால், டிவியைப் படம் பிடித்தால் அதில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடும்.

எனவே, இயக்குனர் ஸ்டான்லி குப்ரிக்கின் குழு, திரைகளுக்காகவே குட்டிக் குட்டி சினிமாக்கள் எடுத்தது. டக்ளஸ் டிரம்புல் என்ற இளைஞர் 1965ல் இந்த வேலையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 23 தான். எழுத்துகளையும் வரைபடங்களையும் தயாரித்து, ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, வண்ணம் சேர்த்தனர். திரைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த புரொஜக்டர்கள் அவற்றை ஓட்டின.

விண்வெளி வீரர்கள் சாப்பிடும் மேஜையில், இன்றைய டேப்லெட் போலவே தட்டையான திரைகள் இருக்கும். அதற்குப் படம் வந்தது மேஜைக்கு அடியிலிருந்து! ஐபேடின் வடிவத்தைக் காப்பியடித்ததாக ஆப்பிள் நிறுவனம் வழக்குப் போட்டபோது, 'இது பழைய சினிமாவிலேயே வந்துவிட்டதே' என்று, 2011ல் சாம்சங் நிறுவனம் இந்தக் காட்சியைத்தான் நீதிமன்றத்தில் சுட்டிக்காட்டியது.

எனக்கு இதைவிடப் பிடித்தது, 1981ல் வந்த 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' படம். இன்ஜின் இல்லாத கிளைடர் விமானத்தில், இரவில் நகருக்குள் இறங்குவான் கதாநாயகன். அவன் முன் உள்ள திரையில், கட்டடங்கள் வெறும் ஒளிக்கோடுகளாகத் தெரியும். அப்படி வரையக்கூடிய கம்ப்யூட்டர் அப்போது இருந்தது. 1977ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் பயன்படுத்தினர். ஆனால், செலவு மிக அதிகம். இவர்களிடம் பணம் இல்லை.

என்ன செய்தனர் தெரியுமா? நகரத்தைச் சிறிய மாதிரியாகச் செய்து, முழுவதும் கறுப்பு வண்ணம் பூசினர். கட்டடங்களின் விளிம்புகளில் மட்டும், ஒளியைத் திருப்பி அனுப்பும் டேப்பை ஒட்டினர். அதன் நடுவே கேமராவை நகர்த்திப் படம் பிடித்தனர். அவ்வளவுதான்!

காலித் தீப்பெட்டிகள் இருக்கிறதா? கறுப்புக் காகிதம் சுற்றி, விளிம்புகளில் வெள்ளைக் காகிதத்தை மெல்லிய பட்டையாக ஒட்டி, வரிசையாக நிறுத்துங்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள்.