ஈரக் காதில் காய்ச்சல் தெரியுமா?

சாரல் சீசன். ஐந்தருவியில் ஆசைதீரக் குளித்துவிட்டு வந்த பிள்ளை, தென்காசி வீட்டுத் திண்ணையில் ஈரத் துண்டோடு நடுங்குகிறது. கழுத்தில் கை வைத்த ஆச்சி, "மேலு சுடுத மாதிரி இருக்கே" என்கிறாள். அம்மா காது தெர்மாமீட்டரை வைக்கிறாள். ஒரே நொடியில் 36.4 டிகிரி. காய்ச்சல் இல்லையென்று உள்ளே எடுத்து வைத்துவிடுகிறாள். அந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

இந்தக் கருவி செவிப்பறையைத் தொடுவதில்லை. அதிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி வெப்பத்தைக் கணக்கிடுகிறது. உடல்சூட்டை ஆளும் ஹைப்போதலாமஸுக்குப் பக்கத்திலேயே செவிப்பறை இருப்பதால்தான் காதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அகச்சிவப்புக் கதிரைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். காதுக்குள் மெல்லிய நீர்ப்படலம் இருந்தாலே போதும், கருவி பார்ப்பது அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியை. அருவி நீரில் குளிர்ந்துபோன காதுக்குழாயின் சுவரும் சேர்ந்துகொள்ளும். குறும்பி அடைத்திருந்தாலும் எண் இறங்கும்.

கருவியின் மேல் குற்றமில்லை. ஆய்வகத்தில் இதைச் சோதிக்கும் விதம் அழகானது. வெப்பம் துல்லியமாகத் தெரிந்த தண்ணீர்த் தொட்டிக்குள் உட்புறம் கறுப்பான ஒரு குழிவை அமிழ்த்தி, அதன் வாயில் கருவியை வைப்பார்கள். விழும் கதிரையெல்லாம் விழுங்கி, தன் வெப்பத்துக்கேற்ற கதிரை மட்டுமே வெளிவிடும் பொருள் அது, 'கரும்பொருள்' என்பார்கள். 36 முதல் 39 டிகிரி வரை பிழை 0.2 டிகிரியைத் தாண்டக்கூடாது.

பிள்ளையின் காது கறுப்புக் குழிவு இல்லையே! குழந்தைகளிடம் காது அளவையும் ஆசனவாய் அளவையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2002-இல் 'லான்செட்' இதழில் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரி வித்தியாசம் 0.29 டிகிரிதான். ஆனால் தனித்தனியாகப் பார்த்தால், காது எண் 1.32 டிகிரி வரை குறைவாகவும் 0.74 வரை கூடுதலாகவும் போகக்கூடும். காய்ச்சலுக்கும் காய்ச்சலின்மைக்கும் நடுவே ஒரு டிகிரி எவ்வளவு பெரியது!

ஆகவே தலையைத் துவட்டி, காதைச் சாய்த்து நீரை வடியவிட்டு, அரைமணி நேரம் பொறுங்கள். காதுமடலைப் பின்பக்கமாக மெல்ல இழுத்தால் வளைந்த குழாய் நேராகும்; பெரியவர்களுக்கு மேலும் பின்னுமாக. கருவியின் கூம்பு முனையை உள்ளே பார்த்தபடி வைத்து, அதே காதில் இரண்டு, மூன்று முறை அளக்கலாம். சந்தேகமானால் அக்குளிலோ நாக்கடியிலோ வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் சரிபாருங்கள். பிள்ளை சோர்ந்து படுத்து, தண்ணீரும் குடிக்க மறுத்தால், திரையில் எந்த எண் இருந்தாலும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.