அனுமதியில்லாமல் ஒரு போட்டோ!

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லையில் இருக்கிறது ஜூஜுவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி. இன்னும் சற்றுத் தூரம் போனால் பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டு மாதம் முதல் அங்கிருந்து மெட்ரோ ரயில் ஓடுகிறது.

முதன்முதலாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் மகளை, ரயில் ஏறுமுன் தாயார் ஒரு போட்டோ எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இங்கே படம் எடுக்கக் கூடாது, அம்மா!" என்று காவலர் அதட்டினால் அவள் முகம் எப்படி வாடிப் போகும்! அவள் செய்தது அப்படி என்ன குற்றம்?

1923-ஆம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டம் ஒன்று நம் நாட்டில் உண்டு. ஒரு ரயில் பாதையையோ சாலையையோ மத்திய சர்க்கார் அறிவிப்பின் மூலம் தடை செய்யப்பட்ட இடமாக்கலாம் என்கிறது அது. ஆனால் அது தண்டிப்பது யாரை? தேசத்துக்குக் கேடு செய்யும் நோக்கத்தோடு வேவு பார்ப்பவனை. பெற்ற மகளைப் படம் எடுக்கும் தாயை அல்லவே! நிலையத்துக்கென்று தனி விதி இருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டியதுதான். அந்த விதியையும் காவலர் இதமாகச் சொல்லலாம் அல்லவா?

இனி மறுபக்கத்தையும் பாருங்கள். அதே 2025, மே மாதம். பெங்களூர் மெட்ரோவில் பயணம் செய்த பெண்களை, அவர்கள் அறியாமலே ஒருவர் செல்போனில் படம் பிடித்து, இன்ஸ்டாகிராமில் வெளியிட்டு வந்தது தெரியவந்தது. அதை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பின்தொடர்ந்தார்களாம்! போலீசார் வழக்குப் பதிவு செய்து ஒருவரைக் கைது செய்தார்கள். வேலை முடிந்து களைத்து உட்கார்ந்திருந்த பெண், தன் உருவம் ஊரார் கண்ணுக்கு விருந்தானதை வீட்டுக்கு வந்த பிறகு அறிந்தால் அவள் மனம் என்ன பாடுபடும்!

தாயும் காமிராவைத்தான் தூக்கினாள்; அந்த மனிதரும் காமிராவைத்தான் தூக்கினார். ஆனால் தாய் எடுத்த படம் மகளுக்குத் தெரிந்து எடுத்தது. மற்றது திருட்டு. அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். ரயில் நிலையத்துக்குள் காலடி வைத்ததும் அந்த உரிமை பறந்துவிடுமா என்ன?

தமிழ்நாட்டில் 1998-ஆம் வருஷத்திலிருந்தே பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. பெண்ணுக்கு அச்சமோ அவமானமோ உண்டாக்கும் அநாகரிக நடத்தைக்கு அதில் தண்டனை உண்டு. பஸ் நிறுத்தமும் ரயில் நிலையமும் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன.

ஆகவே சகோதரிகளே, யாராவது உங்களைப் படம் எடுப்பதாகச் சந்தேகம் வந்தால் கூசி ஒதுங்காதீர்கள். அருகிலுள்ள ஊழியரிடம் உரக்கச் சொல்லுங்கள், 112-ஐ அழையுங்கள். படம் இணையத்தில் வந்துவிட்டதா? பதறி அழிக்கச் சொல்லுமுன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு போலீசாரிடம் புகார் கொடுங்கள். தலைகுனிய வேண்டியவர் நீங்கள் அல்ல!

உங்கள் மகளையோ பேரனையோ ஸ்டேஷனில் படம் எடுக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். பின்னால் யாரோ ஒரு பெண் தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கலாம். காமிராவைச் சற்றே திருப்பிக்கொண்டால் போதுமே!