கேட்போர் யார்?

பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப் பாயிரத்திற்குரிய செய்திகள் எட்டினை வகுத்துரைக்கையில், ‘கேட்போர்’ என்பதனையும் அவற்றுள் ஒன்றாக வைத்துள்ளார். நூலை இயற்றியவர் யார் என்பதோடு, அது யாருக்கு உரியது என்பதும் தெளிவாதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. தொழில்நுட்ப அறிக்கைகளைப் பலர் கூடி எழுதும் இக்காலத்தில் இந்நெறி பெரிதும் இன்றியமையாதது. ஒரு துயர நிகழ்ச்சி கொண்டு இதனை விளக்குவோம்.

2003-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் அமெரிக்காவின் கொலம்பியா விண்வெளி ஓடம் ஏவப்பெற்றது. சுமார் 82 விநாடிகளில், எரிபொருள் தொட்டியின் மேற்பூச்சான நுரைப்பொருளில் ஒரு துண்டு பெயர்ந்து, ஓடத்தின் இடப்புற இறக்கையைத் தாக்கியது. ஓடம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர் குழு ஒன்று இதனை ஆராய்ந்து மேலாளர்களுக்கு விளக்கம் அளித்தது.

முன்னைய சோதனைகளில் பயன்பட்ட துண்டின் அளவு 3 கன அங்குலம்; ஓடத்தைத் தாக்கியதன் மதிப்பீடோ 1,920 கன அங்குலம். அஃதாவது 640 மடங்கு! பழைய சோதனை இதற்குப் பொருந்தாது என்பதே இதன் பொருள். ஆனால், விளக்கப் பக்கத்தின் தலைப்பு அச்சத்தைத் தணிப்பதாக இருந்தது. இவ்வுண்மையோ பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒதுங்கிக் கிடந்தது. ‘குறிப்பிடத்தக்க’ எனப் பொருள்படும் சொல் ஐந்து இடங்களில் வந்தும், எவ்வளவு என்னும் வரையறை அச்சொல்லுக்கு இல்லை.

பிப்ரவரி 1-ஆம் நாள் பூமிக்குத் திரும்புகையில் ஓடம் சிதைந்தது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிர்நீத்தனர். அந்த ஒரு பக்கமே அழிவுக்குக் காரணம் என்பது நீதியாகாது. ஆயினும், அதனைப் படிக்கும் மேலாளர் உயிருக்கு ஆபத்து நேர்ந்துள்ளதை உணராமற்போவது எளிது என்று விசாரணைக் குழு அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் சுட்டியது.

எழுதியோர் பொருளறியாதவர் அல்லர். எனினும், தமக்குள் பேசிப் பழகிய மொழியிலேயே பிறருக்கும் எழுதினர். கூடி எழுதுவோர்க்கு நேரும் இடர் இதுவே. நாம் அனைவரும் அறிந்ததைப் படிப்பவரும் அறிவார் என்று நம்மையறியாமல் கருதிவிடுகிறோம்.

ஆதலின், எழுதத் தொடங்குமுன் குழுவினர் ஒருங்கமர்ந்து மூன்றினைத் தெளிதல் வேண்டும்: படிப்பவர் யார்? அவர் முன்பே அறிந்தது என்ன? படித்தபின் அவர் செய்ய வேண்டிய முடிவு யாது? அம்முடிவுக்கு வேண்டிய செய்தி முதலில் நிற்கட்டும். ஒரு பொருளுக்குக் குழுவினர் அனைவரும் ஒரே சொல்லை ஆளட்டும். ‘மிகுதி’, ‘சிறிது’ என்னாது அளவைக் கூறட்டும். இறுதியில், குழுவைச் சாராத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் உணர்ந்ததைக் கேட்டறிதல் நலம்.

ஆய்வுக்கூடக் குறிப்பேடு எழுதும் நாள்தொட்டே நம் மாணவச் செல்வங்கள் இப்பழக்கத்தை மேற்கொள்வார்களாக!